மதிப்புரையில் விடுபட்ட ஒன்பதாவது குறிப்பு

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பயிற்சி உண்டு. நூலகத்தில் படித்த நூல் ஒன்றுக்கு, பள்ளி ஆண்டு விழா மலருக்காக மாணவர் மதிப்புரை எழுத வேண்டும். அதற்கு எட்டுக் குறிப்புகள் தரப்பட்டுள்ளன: நூலின் தலைப்பு, மையப்பொருள், மொழிநடை, வெளிப்படுத்தும் கருத்து, நூலின் நயம், நூல் கட்டமைப்பு, சிறப்புக் கூறு, நூல் ஆசிரியர்.

பயிற்சி நல்ல பயிற்சிதான். ஆனால் இதற்கு வரும் விடைகளைத் திருத்தும் தமிழாசிரியர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நாற்பது பேர் எழுதினாலும் ஒருவரே எழுதியது போல இருக்கும். எளிய நடை, இனிய சொற்கள், அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டிய நூல் என்று முடியும். நூலின் பெயர் மட்டும் மாறும். சில பிள்ளைகள் அந்த நூலின் அட்டையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து எழுதியிருப்பார்கள்.

இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரியவர்கள் எழுதும் நூல் அறிமுகங்களும் பெரும்பாலும் இந்த வாய்பாட்டில்தான் அமைகின்றன. பாராட்டுவது பண்பு என்றும் குறை சொல்வது பகை என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அந்த எட்டுக் குறிப்புகளிலும் நயத்துக்கும் சிறப்புக்கும் இடம் இருக்கிறது; ‘இந்த இடம் எனக்கு ஒட்டவில்லை’ என்று சொல்ல இடம் இல்லை.

ஆகவே என் வகுப்பில் ஒன்பதாவதாக ஒரு குறிப்பைச் சேர்த்துக்கொண்டேன்: ‘என்னோடு ஒட்டாத இடம் எது? ஏன்?’ தேர்வுக்கு எட்டுக் குறிப்புகள் போதும். நூலகப் பாடவேளைக்கு ஒன்பதாவதும் வேண்டும். இதற்கு மூன்று விதிகள் வைத்திருக்கிறோம். முதலாவது, சொல்லும் கருத்துக்கு நூலிலிருந்தே சான்று காட்ட வேண்டும். இரண்டாவது, குறையை நூலின் மீது சொல்ல வேண்டும். எழுதியவர் மீது சொல்லக் கூடாது. மூன்றாவது, இந்த நூல் யாருக்குப் பயன்படும், யாருக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லி முடிக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் கேட்பதை ஆசிரியர் முதலில் செய்து காட்ட வேண்டும் அல்லவா? அண்மை ஆண்டுகளில் நான் படித்த இந்திய எழுத்தாளர்களின் ஐந்து நூல்களை இந்த ஒன்பது குறிப்புகளோடு அணுகிப் பார்க்கிறேன். ஐந்துமே பலராலும் பேசப்பட்டவை. சில விருது பெற்றவை. விருது ஒரு நூலை நம் கண்ணில் படச் செய்கிறது. அது நமக்கு ஏற்றதா என்பதைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

செல்லாத பணம்

இதை எழுதிய இமையம் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 2018இல் வெளிவந்த இந்த நாவலுக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை விரும்பி மணக்கிறாள். சில ஆண்டுகள் கழித்துத் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி, தீக்காயப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்களின் பேச்சாகவே நகர்கிறது. அவளுடைய தந்தை நடேசன் ஒரு தலைமையாசிரியர்.

அந்த ஒரு செய்திதான் என்னைப் புத்தகத்தோடு கட்டிப் போட்டது. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் வழிகாட்டும் இடத்தில் இருப்பவர், தன் மகள் விஷயத்தில் பேச்சற்றுப் போகிறார். கையில் பணம் இருக்கிறது, மரியாதை இருக்கிறது. மருத்துவமனை வாசலில் இரண்டும் செல்லவில்லை. தலைப்பின் பொருள் அங்கேதான் விளங்குகிறது. மொழிநடையைப் பொறுத்தவரை, உறவினர் ஒவ்வொருவர் பேச்சும் அச்சு அசலாக நம் வீட்டுப் பேச்சு. மகளை இழக்கப் போகும் தாய், நேரத்துக்கு ஒரு விதமாகத் திட்டவும் அழவும் செய்வதை இவ்வளவு நுட்பமாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஒட்டாத இடம் எது? நடுப்பகுதியில் ஒரே மனக்குறை பலர் வாயிலாகத் திரும்பத் திரும்ப வருகிறது. சில பக்கங்களை நான் வேகமாகத்தான் புரட்டினேன். என்னுடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் இதை ஏற்கவில்லை. மருத்துவமனை வாசலில் மனிதர்கள் அப்படித்தான் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ரேவதியைப் பெரும்பாலும் மற்றவர்கள் பேச்சின் வழியாகவே அறிகிறோம் என்பது எனக்குக் கடைசிவரை குறையாகவே பட்டது. அவள் ஏன் அந்த வீட்டிலேயே இருந்தாள் என்பதை அவள் வாயால் கேட்க விரும்பினேன்.

இது பள்ளி நூலகத்தில் மாணவர் கையில் கொடுக்க வேண்டிய நூலாக எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியர்களும் பெற்றோர்களும் படிக்க வேண்டியது. வளர்ந்த பிள்ளைகளோடு நாம் எதைப் பேசாமல் விடுகிறோம் என்று யோசிக்க வைக்கும்.

காச்சர் கோச்சர்

விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய குறுநாவல் இது. மூலம் 2013இல் வந்தது. ஸ்ரீநாத் பேரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பால் உலகெங்கும் கவனம் பெற்றது. தமிழிலும் வாசிக்கக் கிடைக்கிறது. ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம்.

பெங்களூரில் ஒரு நடுத்தரக் குடும்பம். தந்தை விற்பனைப் பிரதிநிதி. வரிசையாக அமைந்த சிறு அறைகள் கொண்ட வீடு. அங்கே எறும்புத் தொல்லை. சித்தப்பா தொடங்கும் மசாலாப் பொருள் வணிகம் குடும்பத்தைச் செல்வத்தில் ஏற்றுகிறது. அதன்பிறகு அவர் வைத்ததே சட்டம். எதையும் தட்டிக் கேட்காமல் காபி ஹவுசில் போய் உட்கார்ந்துகொள்ளும் மகன்தான் கதை சொல்கிறான். தலைப்புக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. கதைசொல்லியின் மனைவி அனிதாவும் அவள் தம்பியும் சிறுவயதில் தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட சொல் அது. பட்டத்து நூல் சிக்கிக்கொள்வது போல, அவிழ்க்க முடியாத சிக்கலைக் குறிக்கிறது.

சிறப்புக் கூறு என்று கேட்டால், வறுமையில் இருந்த வீட்டைக் காட்டும் பக்கங்களைச் சொல்வேன். தந்தையின் விற்பனைக் கணக்கு நேராகாத நாளில் வீடே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும். பணம் வந்த பிறகு அந்த ஒற்றுமை இடம் மாறுகிறது. சித்தப்பாவைத் தேடி வாசலில் வந்து நிற்கும் ஒரு பெண்ணை வீட்டுப் பெண்கள் சேர்ந்து வசைபாடி விரட்டுகிறார்கள். கதைசொல்லி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான். கேள்வி கேட்பவள் மருமகள் அனிதா ஒருத்திதான். எறும்புகளை நசுக்கிய வீடு மனிதர்களையும் அப்படி நடத்தத் தொடங்குவதை ஆசிரியர் சத்தமில்லாமல் காட்டிவிடுகிறார்.

ஒட்டாத இடம் முடிவு. அனிதாவுக்கு என்ன நேர்ந்தது என்பதை நூல் சொல்லாமலே நிறுத்திக்கொள்கிறது. பெரிய எழுத்தாளர்கள் இதைக் கலைத்திறன் என்று பாராட்டியிருக்கிறார்கள். எனக்கோ, கதைசொல்லியைப் போலவே நூலும் கடைசி நேரத்தில் நழுவிக்கொண்டதாகத் தோன்றியது. இரண்டு நாள் கழித்தும் அந்த முடிவை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. மேல்நிலை வகுப்பில் நல்ல வாசகர்களாக இருக்கும் மாணவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தலாம். வாசலில் நடக்கும் அந்தக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘அநியாயம் நடக்கும்போது சும்மா இருப்பவனுக்குப் பொறுப்பு உண்டா?’ என்று கேட்டால் ஒரு பாடவேளை போதாது.

ஹார்ட் லேம்ப்

கன்னடத்திலிருந்தே இன்னொரு நூல். கர்நாடகத்தின் ஹாசனைச் சேர்ந்த வழக்கறிஞரும் எழுத்தாளருமான பானு முஷ்தாக், 1990 முதல் 2023 வரை எழுதிய கதைகளிலிருந்து 12 கதைகள். தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் சிறுகதைத் தொகுப்பு இதுவே. நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன். பக்கத்தில் அகராதி இருந்தது. மொழிபெயர்ப்பாளர் கன்னட, உருது, அரபுச் சொற்கள் பலவற்றை அப்படியே விட்டிருக்கிறார், அடிக்குறிப்பும் இல்லை. முதலில் தடுமாற்றமாக இருந்தது. இரண்டு மூன்று கதைகள் போன பிறகு அந்தச் சொற்கள் வீட்டுப் பேச்சின் ஓசையாகக் கேட்கத் தொடங்கின.

தலைப்புக் கதையில் மெஹ்ருன் என்ற பெண், கணவன் வேறொருத்தியை நாடிப் போனதால் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அவர்கள் ஆறுதல் சொல்லவில்லை. திருப்பி அனுப்பி வைக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கும் அவளை நிறுத்துவது அவளுடைய மகள். பெரியவர்கள் பார்க்கத் தவறியதைப் பிள்ளை பார்த்துவிடுகிறாள். வீட்டுச் சண்டையின் சுமையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். அந்தக் கதையைப் படித்த மறுநாள் வருகைப்பதிவு எடுக்கும்போது சில முகங்களைக் கூடுதல் நேரம் பார்த்தேன்.

துயரம் மட்டுமே நூல் முழுவதும் இருப்பதாக எண்ண வேண்டாம். கோபி மஞ்சூரியன் மீது தீராத ஆசை கொண்ட அரபு ஆசிரியர் ஒருவரின் கதை சிரிப்பில் தொடங்கி வேறிடத்துக்குப் போகிறது. சிறுவர்களுக்குச் சுன்னத் செய்யும் நிகழ்வைப் பற்றிய கதை, வசதியான வீட்டுப் பிள்ளையையும் ஏழை வீட்டுப் பிள்ளையையும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறது.

ஒட்டாத இடம் என்று நான் சொல்வது, தொகுப்பைத் தொடர்ந்து படிக்கும்போது ஏற்படும் சலிப்பு. கைவிடும் கணவன், வாய்மூடி நிற்கும் உறவு, தவிக்கும் மனைவி என்ற அமைப்பு அடுத்தடுத்து வரும்போது, கதை முடியும் முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. முப்பது ஆண்டுக் காலத்தில் எழுதியவற்றை மூன்று நாளில் படித்தால் அப்படித்தான் இருக்கும். வாரத்துக்கு ஒரு கதை என்று படித்தால் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். ஒரு சமூகத்தைப் பற்றி மற்றவர்கள் தீர்ப்புச் சொல்வதற்கான சான்றாக இந்நூலைச் சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும். அது நூலுக்குச் செய்யும் அநீதி. இதில் வரும் மெஹ்ருனின் பிறந்த வீட்டையும் ‘செல்லாத பண’த்தில் வரும் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மதமும் மொழியும் வேறு, சுவர் ஒன்றுதான்.

ஆதி இந்தியர்கள்

கதை நூல்களுக்கு மட்டுமே ஒன்பதாவது குறிப்பு பொருந்தும் என்பதில்லை. பத்திரிகையாளர் டோனி ஜோசஃப் ஆங்கிலத்தில் எழுதி 2018இல் வந்த நூல் இது, தமிழிலும் வந்துள்ளது. ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 65,000 ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்த முதல் மனிதர்கள் தொடங்கி, பல்வேறு காலங்களில் வந்து கலந்தவர்கள் வரை, மரபணு ஆய்வுகளின் துணையோடு சொல்கிறது. அறிவியலைக் கதை போலச் சொல்லும் திறன் இவருக்கு இருக்கிறது. இந்திய மக்கள்தொகையை ஒரு பீட்சாவுக்கு ஒப்பிடுகிறார். முதல் இந்தியர்கள் அடித்தளம், ஹரப்பர்கள் அதன்மேல் எங்கும் பரவிய சாறு, பின்வந்தவர்கள் மேலே தூவியவை. இன்றைய இந்தியர்களில் பெரும்பாலோரின் மரபில் 50 முதல் 65 விழுக்காடு அந்த முதல் மனிதர்களுடையது என்கிறார். எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் பீட்சாவை அடைத்தோசையாக மாற்றி வகுப்பில் சொன்னார். பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது.

ஒட்டாத இடம் எது? நூல் வந்த மறு ஆண்டு, 2019 செப்டம்பரில், ராகிகர்கியில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் மரபணு பற்றிய ஆய்வுக் கட்டுரை ‘செல்’ இதழில் வெளியானது. அப்பெண்ணிடம் ஸ்டெப்பிப் புல்வெளி மக்களின் மரபுக்கூறு இல்லை என்ற முடிவு நூலின் வாதத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ஈரானிய மக்களின் மரபுவழியும் சிந்துவெளியில் கலந்துள்ள அதையொத்த மரபுவழியும் வேளாண்மை தோன்றுவதற்கு முன்பே பிரிந்துவிட்டன என்றது. ஈரானின் சாக்ரோஸ் மலைப்பகுதியிலிருந்து வந்தவர்களைப் பற்றி நூலின் முதல் பதிப்பு சொல்வதை இதன் வெளிச்சத்தில் திருத்தித்தான் படிக்க வேண்டும்.

இதனால் நூல் வீணாகிவிடாது. அறிவியல் நூலில் அச்சான ஆண்டைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை மாணவருக்குக் கற்றுத்தர இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல், சமூக அறிவியல் ஆசிரியரின் துணையோடு பகுதி பகுதியாகப் படிக்கலாம்.

மரப்பாச்சி சொன்ன ரகசியம்

இறுதியாக ஒரு சிறார் நாவல். யெஸ். பாலபாரதி எழுதியது, 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ஒரு சிறுமிக்குக் கிடைக்கும் மரப்பாச்சிப் பொம்மை உயிர்பெற்று அவளோடு பேசுகிறது. அந்த நட்பின் வழியே, பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலை எப்படி உணர்வது, எப்படி வெளியே சொல்வது என்பதை நூல் எடுத்துரைக்கிறது. இந்தப் பொருளைச் சிறார் கதையாகத் தமிழில் எழுதத் துணிவு வேண்டும். பயமுறுத்தாமலும் கூச்சப்பட வைக்காமலும் எழுதியிருக்கிறார். வகுப்பில் நாம் நேரடியாகப் பேசத் தயங்கும் செய்தியை ஒரு பொம்மை பேசிவிடுகிறது.

என்னோடு ஒட்டாதது, சில இடங்களில் பொம்மை பொம்மையாக இல்லாமல் விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசுபவர் போல ஆகிவிடுவது. இதை நான் வகுப்பில் சொன்னேன். பிறகு பிள்ளைகளின் ஒன்பதாவது குறிப்புகளைக் கேட்டேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்த வரி என் கருத்தைவிடக் கூர்மையாக இருந்தது. ‘அவளுக்கு மரப்பாச்சி கிடைத்தது. மரப்பாச்சி கிடைக்காத பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?’

வகுப்பு அமைதியானது. “டீச்சர்கிட்ட சொல்லலாம்” என்றாள் ஒருத்தி. “டீச்சர் அம்மாகிட்ட சொல்லிட்டா? அம்மா நம்மளையே அடிச்சா?” என்றாள் இன்னொருத்தி. அன்று நூலைப் பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. 1098 என்ற எண்ணைப் பற்றியும், பிள்ளை சொன்னால் ஆசிரியர் சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பதைப் பற்றியும் பேசினோம். விழிப்புணர்வுச் சுவரொட்டி எங்கள் பள்ளிச் சுவரில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு பிள்ளையும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ‘இந்நூல் மிகச் சிறந்த நூல்’ என்று நாற்பது பேரும் எழுதியிருந்தாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. ஒட்டாத இடத்தைச் சொல்ல அனுமதித்ததால் வந்தது.

வகுப்பில் செய்து பார்க்க

நம் பள்ளிகளில் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் இருக்கின்றன. ஒன்பதாவது குறிப்பை எந்த நிலையிலும் தொடங்கலாம். என் அனுபவத்தில் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

நுழை, நட நிலைப் பிள்ளைகளை எழுதச் சொல்ல வேண்டாம். ‘எந்தப் பக்கத்தில் சலிப்பாக இருந்தது?’ என்று கேட்டு அந்தப் பக்கத்தில் விரல் வைக்கச் சொன்னால் போதும். ஏன் என்பது பேச்சில் தானாக வரும்.

மேல் வகுப்புகளில் பக்க எண் இல்லாத பாராட்டையும் ஏற்பதில்லை. பக்க எண் இல்லாத குறையையும் ஏற்பதில்லை. இதனால் கைடிலிருந்து எழுதுவது தானாகவே நின்றுவிடுகிறது. கைடில் பக்க எண் இருக்காது.

ஒரே நூலைப் படித்த இருவருக்கு வேறுவேறு கருத்து இருந்தால் இருவரையும் பேச விடுங்கள். யார் சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சான்று யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதும்.

பிள்ளைகள் சொல்வதைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை நூலகத்துக்கு நூல் தேர்வு செய்யும் வாய்ப்பு வந்தால் அந்தக் குறிப்பேடு பதிப்பகங்களின் விலைப்பட்டியலைவிட நன்றாக வழிகாட்டும். நம் கையில் இருக்கும் தொகை சிறியது; யாரும் எடுக்காத நூலுக்கு அதைச் செலவிட இயலாது.

முக்கியமாக, பிள்ளை ஒரு நூலைப் பிடிக்கவில்லை என்றால் முகம் சுளிக்காதீர்கள். நமக்கு மிகவும் பிடித்த நூலாகவே அது இருக்கலாம். ‘எந்த இடம்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடி அவன் மறுபடியும் புத்தகத்தைத் திறப்பான்.